சும்மா இருக்கும் ஏழு பேர்

பிலிமத்தலாவையில் காலை ஏழே காலுக்கு வரும் கண்டி பஸ்ஸில் ஏறியதும் அங்கம்மா முதலில் பார்ப்பது பின்பக்கத்தைத்தான். முன்வாசலில் சனம் பிதுங்கிக்கொண்டு நிற்கும். பின்னால், கடைசி இரண்டு வரிசைக்குப் பக்கத்தில், ஒரு ஆள் கையை விரித்து உடற்பயிற்சி செய்கிற அளவுக்கு இடம் கிடக்கும். "பின்னாடி அம்புட்டு எடம் இருக்கு, இங்க என்னத்துக்கு நசுங்குறீங்க?" என்று தமிழில் ஒரு தரம் கேட்பார். "பிட்டிபஸ்ஸட்ட யன்ன" என்று அதையே சிங்களத்தில் ஒரு தரம் அதட்டுவார். யாரும் அசைய மாட்டார்கள். பிறகு முழங்கையைப் போட்டு வழி உண்டாக்கிக்கொண்டு தானே பின்னால் போவார். அவர் பின்னாலேயே எட்டுப் பத்துப் பேர் வந்துவிடுவார்கள். கண்டக்டருக்கு இந்த அம்மாவைக் கண்டால் பாதி பயம், பாதி நிம்மதி.

பஸ்ஸில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். மருந்துக்கடையில் ஒரு கவுண்டரில் ஒன்பது பேர் நிற்க, அடுத்த கவுண்டர் பெண் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அங்கம்மாவுக்கு உடம்பு எரியும். தன் முறை வரும்வரை பொறுக்க மாட்டார். நேரே அந்தப் பெண்ணிடம் போய், "நீங்க சும்மா தானே இருக்கீங்க? இங்கிட்டு நாலு பேர கூப்புடுங்க" என்பார். அவருக்கு மருந்து வேண்டியதாகவே இருக்காது. பிளாஸ்டர் வாங்க வந்திருப்பார்.

வயது நாற்பத்தாறு. மடுல்கெல்லவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, படித்து, கண்டிக்கு மேலே மரங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சிறிய ஆய்வு நிலையத்தில் தொழில்நுட்ப அலுவலராகப் பதினாலு வருடமாக வேலை செய்கிறார். மழை பெய்யும்போது எந்த மலைச்சரிவு எந்நேரம் இளகக்கூடும் என்று மணிக்கொரு தடவை கணக்குப் போட்டு அறிவிப்பது அந்த நிலையத்தின் வேலை. கணக்குப் போடும் சர்வரைக் கட்டி மேய்ப்பது அங்கம்மாவின் வேலை. அடையாள அட்டை அடித்தபோது, பெயர் நீளம், 'அங்கா' என்று சுருக்கிப் போடட்டுமா என்று அலுவலகத்தில் கேட்டார்களாம். "உங்க அட்டையில எடம் பத்தலன்னா பெரிய அட்டையா அடிங்க" என்றிருக்கிறார். அவருடைய அட்டை இன்றைக்கும் மற்றவர்களுடையதைவிட ஒரு விரல் அகலம் கூடத்தான்.

அவர் முன்னால் 'சராசரி' என்ற சொல்லை மட்டும் எடுக்கக்கூடாது. எடுத்தால் போச்சு. "மாவட்டத்துக்குச் சராசரி மழை நாப்பது மில்லிமீட்டர்ங்குறாங்க. அப்புடின்னா என்ன? டவுன்ல ஒருத்தன் குடையே விரிக்கல, மலைப் பக்கம் பாலத்தையே அடிச்சிட்டுப் போயிருச்சு. ரெண்டையும் கூட்டி வகுத்தா நாப்பது. யாருக்கு நாப்பது பேஞ்சுச்சு? ஒருத்தனுக்கும் பேயல." இதைச் சொல்லும்போது கையில் தேநீர்க் கோப்பை இருந்தால் பக்கத்தில் நிற்பவர் கொஞ்சம் விலகி நிற்பது நல்லது.

காலையில் வேலைக்கு வந்ததும் தேநீருக்கு முன்னால் அவர் போய் நிற்கிற இடம் சர்வர் அறையின் திரை. அந்தக் கணினிக்குப் பதினாறு 'கோர்'. கோர் என்றால் கணினியின் மூளைக்குள் தனித்தனியாக நின்று வேலை செய்யும் ஒரு பகுதி. அங்கம்மா அவற்றை 'ஆள்' என்றுதான் சொல்வார். இடது பக்கம் எட்டு ஆள், வலது பக்கம் எட்டு ஆள். திரையில் ஆளுக்கொரு பச்சைக் கோடு. வேலை இருந்தால் கோடு நீளும், இல்லாவிட்டால் சுருங்கிப் புள்ளியாகிவிடும். மற்றவர்கள் எல்லாம் திரையின் மேல்மூலையில் மொத்தமாகக் காட்டும் ஒரே இலக்கத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இவர் பதினாறு கோட்டையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்.

இந்தப் பழக்கம் இல்லாமல் இருந்திருந்தால் முப்பத்தெட்டு மலைச்சரிவுகள் எச்சரிக்கைப் பட்டியலில் இருந்து விடுபட்டுப் போயிருக்கும். அந்தக் கதையைச் சொல்லாமல் அங்கம்மாவைச் சொல்ல முடியாது.

நிலையத்தில் ஒவ்வொரு மணிக்கும் இரண்டு வகைக் கணக்கு தொடங்கும். ஒன்று கண்டி நகரத்தைச் சுற்றிய மலைகளுக்கு. அது ஒரே பெரிய கணக்கு, துண்டுபோட முடியாது, ஒரு ஆள்தான் செய்யலாம். மற்றது தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே நிற்கும் முப்பத்தெட்டுச் சரிவுகளுக்கு. அவை முப்பத்தெட்டுச் சின்னக் கணக்குகள். சர்வர் வந்த புதிதில் ஒரு குழு கூடி, யாருக்கும் குறை வரக்கூடாது என்று, கணினியின் வலுவில் பாதி நகரத்துக்கு, பாதி தோட்டங்களுக்கு என்று எழுதிவைத்துவிட்டது. கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது? எல்லாரும் கைதட்டிவிட்டுப் போனார்கள்.

நகரத்தின் கணக்கு நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். முப்பத்தெட்டும் முடிய ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம். மணிக்கொரு தடவை சொல்லவேண்டிய எச்சரிக்கை ஒன்றரை மணி கழித்து வந்தால் அதை வைத்து என்ன செய்வது? அதோடு, முந்தின சுற்று முடியுமுன் அடுத்த சுற்று தொடங்கி, வேலை மேல் வேலை ஏறி, மழை நாட்களில் சர்வரே மூச்சுத் திணறும். போன வருடம் நிலையத்தின் தலைவர் ஜனார்த்தனன் ஒரு முடிவுக்கு வந்தார். இயந்திரத்துக்கு வலு போதாது. ஆகவே நகரத்துக்கு மணிக்கொரு தடவை. தோட்டங்களுக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

"மழை காலைல ஒன்னு சாயங்காலம் ஒன்னுன்னு மாத்திர சாப்புடுற மாதிரியா சார் பெய்யுது?" என்று கேட்டார் அங்கம்மா.

"இயந்திரத்துக்கு ஏலாது, மிஸ் அங்கம்மா. நான் என்ன செய்ய?"

"ஏலாதுன்னு அது சொல்லல சார். நீங்க சொல்றீங்க."

ஜனார்த்தனன் கெட்டவர் அல்ல. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இருபது வருடம் இந்த மலைகளோடு மல்லுக்கட்டியவர். முன்னொரு மழைக்காலத்தில் சர்வர் விழுந்து, பகல் முழுவதும் வந்த தொலைபேசிகளுக்கெல்லாம் "இன்னும் வரேல்ல, இன்னும் வரேல்ல" என்று பதில் சொன்னவர். அதற்குப் பிறகு ஓடுகிற இயந்திரத்தைத் தொட அவருக்குப் பயம். அந்தப் பயத்தை அங்கம்மா மதித்தார். ஆனால் அதற்காக முப்பத்தெட்டையும் விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். பதினேழாம் இலக்கச் சரிவுக்குக் கீழே இருக்கிற லயத்தில்தான் அங்கம்மாவின் தங்கை சுப்பம்மா குடும்பம் இருக்கிறது. நிலையத்தில் ஒருவருக்கும் இது தெரியாது. "சொன்னா சொந்தக்காரிக்காகப் பேசுறான்னுருவாங்க. முப்பத்தெட்டுக்கும் பேசுறது அப்பறம் ஒன்னுக்குப் பேசுனதா போயிரும்" என்று அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தார்.

அந்த முடிவு வந்த மறுநாள், திரையின் முன் நின்றவர் பக்கத்து மேசையில் இருந்த ருக்கியாவைக் கூப்பிட்டார். ருக்கியா கலகெதரக்காரி, சரிவுகளின் கணக்குகளை எழுதுகிறவர்.

"இங்க பாருங்க. இந்தப் பக்கம் எட்டுப் பேரும் முட்டி வழியுது. அந்தப் பக்கம் ஒருத்தன் டவுன் கணக்கத் தூக்கிக்கிட்டு நிக்கிறான். மிச்ச ஏழு பேரும் என்ன செய்றாங்க?"

ருக்கியா எட்டிப் பார்த்தார். "சும்மாதான் ஈக்கிறாங்க அக்கா."

"எட்டுப் பேர் தலையில முப்பத்தெட்டு வேல. ஏழு பேர் கைகட்டி நிக்கிறான். ஏன் போய்த் தூக்கல?"

வேலைகளை ஆட்களுக்குப் பங்குபோட்டு, ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் நகர்த்துவது இயங்குதளத்துக்குள் இருக்கும் ஒரு பகுதியின் கடமை. அது பிழை விடாது என்பது ஊரில் எல்லாருடைய நம்பிக்கை. அங்கம்மா முதலில் அதை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, முப்பத்தெட்டு வேலைகளையும் தன் கையால் பதினைந்து ஆட்களுக்குப் பிரித்துக் கட்டிவைத்தார். முதல் மணிக்கே ஐம்பத்தொரு நிமிடத்தில் முடிந்தது. ருக்கியா குதித்தார். இரண்டாம் மணிக்கு எண்பது நிமிடம் ஆனது. எந்தச் சரிவில் மழை கூடப் பெய்கிறதோ அந்தக் கணக்கு கனத்துவிடும். கட்டிவைத்த வேலை பக்கத்து ஆள் காலியானாலும் நகராது. "கட்டிப்போட்டா ஆகாது. அதுவா பார்த்து நகரணும்" என்று எல்லாக் கட்டையும் தானே அவிழ்த்துவிட்டார்.

பிறகு பத்து நாள். வேலையைப் பங்குபோடும் அந்தப் பகுதியின் நிரலை அச்செடுத்து, மத்தியானச் சோற்றை ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு மறுகையால் புரட்டிப் படித்தார். பென்சிலால் கீறிக் கீறித் தாள் கறுத்துப் போனது. பதினோராம் நாள் மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். சோற்றுப் பெட்டி கீழே விழுந்தது.

விஷயம் இதுதான். அந்தப் பகுதி வேலைகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை, கனத்தைப் பார்க்கிறது. குழு எழுதிவைத்த பாதிக்குப் பாதியின்படி நகரத்தின் ஒரே வேலைக்கு அரைப்பங்கு கனம். முப்பத்தெட்டுக்கும் சேர்த்து அரைப்பங்கு கனம். நகரத்தின் வேலை முடிந்தாலும் அதன் கனம் அடுத்த மணிவரை அதே பக்கத்தின் பேரிலேயே நிற்கும். இடது பக்கத்து எட்டு ஆட்களின் மேல் இருக்கும் கனத்தைக் கூட்டி எட்டால் வகுக்கும். வலது பக்கத்திலும் அப்படியே. இரண்டு சராசரியும் சமம். சும்மா இருக்கிற ஏழு பேரும் இடைக்கிடை எழும்பி, "அந்தப் பக்கம் நம்மைவிடப் பாரமா?" என்று கேட்கிறார்கள். "இல்லை, சமம்தான்" என்று பதில் வருகிறது. திரும்பவும் தூங்கப் போய்விடுகிறார்கள். பிழை செய்தவர் ஒருவரும் இல்லை. குழுவும் நியாயமாக நடந்தது, கணினியும் நியாயமாக நடந்தது, முப்பத்தெட்டு லயங்கள் மட்டும் மழைக்குக் கீழே காத்திருந்தன.

"பார்த்தீங்களா ருக்கியா? நம்ம முப்பத்தெட்டையும் கூட்டி ஒரு ஆளுன்னு எண்ணி வச்சிருக்கு." சொல்லும்போது பென்சிலைத் தாளில் குத்தினார். அந்தக் கோபம் கணினிமேல் மட்டும் வந்த கோபம் அல்ல. தோட்டத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் அது எங்கிருந்து வந்தது என்று சொல்வார்கள்.

கோபம் கோபமாக இருக்க, கை வேலையைச் செய்தது. சராசரியை ஒப்பிடாதே, இரண்டு பக்கத்திலும் மிகக் குறைந்த பாரத்தோடு இருக்கிற ஆள் யார் என்று பார், அந்த இரண்டு பேரையும் ஒப்பிடு. அவ்வளவுதான் மாற்றம். ஒரு கையின் விரல் எண்ணிக்கைக்குள் அடங்கும் வரிகள். சர்வருக்கு ஒரு தம்பி இருந்தான், அதே பதினாறு கோரோடு, மூலையில் சோதனைக்கென்று வைத்திருந்த இயந்திரம். அதில் போட்டு ஓட்டினார். நகரத்துக்கு அதே நாற்பது நிமிடம். முப்பத்தெட்டுக்கும் ஐம்பத்தொன்று. மழையின் அளவை இருபது விதமாக மாற்றிப் போட்டும் ஐம்பத்தைந்தைத் தாண்டவில்லை.

ஜனார்த்தனன் சோதனை முடிவு எழுதிய தாளை வாங்கிப் பார்த்தார். "இயங்குதளத்தில கைவைக்கிறதெண்டால் கொழும்பில அனுமதி எடுக்கோணும். மூண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் தோட்டத்தை ரெண்டு தரமாக்குவம்."

"மூணு மாசத்துல மழைக்காலமே முடிஞ்சிரும் சார்."

"நகரத்தின்ர பங்கைக் குறைச்சால் நான் பதில் சொல்லோணும்."

"நான் யாரோட பங்கையும் கேக்கல. டவுனுக்கு ஒரு நிமிஷங்கூடக் கூடல, பாருங்க. சும்மா நிக்கிற ஏழு பேர, வேல செய்ய விடுங்கன்னு கேக்குறேன்."

அனுமதிக் கடிதம் கொழும்புக்குப் போனது. எந்தத் திகதியில் இருந்து இரண்டு தரம் என்பதைத் தலைவர் இழுத்தடித்தார். அவருக்கும் மனம் ஒப்பவில்லை என்று ருக்கியா சொன்னார். "பேசாம மாத்திப் போட்டுட்டு வாயப் பொத்திக்கிட்டு ஈங்களேன் அக்கா. யாருக்குத் தெரியப் போகுது?" என்றும் கேட்டார். சர்வரில் எதையும் மாற்றும் உரிமை அங்கம்மா ஒருவருக்குத்தான் இருந்தது. நினைத்தால் அன்றே செய்திருக்கலாம்.

"களவா செஞ்சா, நாம கேட்டது நியாயம் இல்லன்னு நாமளே சொன்ன மாதிரி. நேரா கேட்டு நேரா வாங்குவோம்" என்றார் அங்கம்மா.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. மத்தியானத்தில் இருந்தே மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணிச் சுற்று தொடங்கியபோது இரண்டு மணிச் சுற்றில் இருபதுக்கு மேல் முடியாமல் கிடந்தன. இடது பக்கத்து எட்டுக் கோடுகளும் திரையின் விளிம்பை முட்டின. வலது பக்கத்தில் ஏழு புள்ளிகள். மூன்று இருபதுக்கு அங்கம்மாவின் போன் அடித்தது. சுப்பம்மா.

"அக்கா, இங்க வானம் பொத்துக்கிட்டு ஊத்துது. பின்னாடி வாய்க்கால்ல சேறா வருது. புள்ளைகளத் தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிரவா, இருக்கவா?"

கணக்கு வரவில்லை. பதினேழாம் இலக்கம் வரிசையில் எங்கேயோ காத்துக்கொண்டிருந்தது. "கணக்கு வரல. ஆனா நீ இருக்காத. இப்பவே போ. பக்கத்து வீட்டு ஆளுங்களையும் இழுத்துக்கிட்டுப் போ" என்றார். போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். தங்கைக்குப் போன் போட ஒரு அக்கா இருந்தாள். மற்ற முப்பத்தேழு சரிவுகளுக்குக் கீழே இருந்தவர்கள் யாருக்குப் போன் போடுவார்கள்?

ஜனார்த்தனன் வேகமாக வந்தார். "சர்வர் நிரம்புது. இப்பிடியே விட்டால் நகரமும் நிண்டுபோகும். அந்த முப்பத்தெட்டையும் நிப்பாட்டிப்போட்டுப் பட்டியலில இருந்து எடுத்துவிடுங்கோ. உடன."

அங்கம்மா கீபோர்டின் முன்னால் இருந்த பிரம்புக் கதிரையில் உட்கார்ந்தார். ருக்கியா பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், மூணு நாப்பதுக்கு டவுன் கணக்கு முடிஞ்சிரும். அடுத்தது நாலு மணிக்கு. நடுவுல இருவது நிமிஷம் இருக்கு. சர்வர நிப்பாட்டி, புதுசப் போட்டு எழுப்ப எனக்கு ஆறு போதும். எழும்பலன்னா பழசையே எழுப்புறேன், அதுக்கும் ஆறு. டவுனுக்கு ஒரு சுற்றுக்கூடப் போகாது."

"அனுமதி வரேல்ல."

"மழை வந்திருச்சு சார்."

"மிஸ் அங்கம்மா, நான் சொல்லுறன். எடுத்துவிடுங்கோ."

"எடுக்க மாட்டேன்."

அங்கம்மா வேலைக்கு வந்த பதினாலு வருடத்தில் அந்த அறையில் யாரும் தலைவரிடம் அப்படிச் சொன்னதில்லை. ஜனார்த்தனனின் முகம் சிவந்தது. அங்கம்மா கீபோர்டில் இருந்து இரண்டு கைகளையும் எடுத்து, தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார். முதுகு நேராக இருந்தது. கண் தலைவரின் முகத்தில் இருந்தது.

கூரைத் தகட்டில் மழை இரைந்தது. மூன்று நாற்பதுக்கு வலது பக்கத்தில் இருந்த ஒரே கோடும் சுருங்கிப் புள்ளியாகியது. நகரத்தின் கணக்கு முடிந்து போய்விட்டது. இப்போது அந்தப் பக்கம் எட்டுப் பேரும் சும்மா. இடது பக்கம் முட்டி வழிந்துகொண்டே இருந்தது. ஜனார்த்தனன் அதைப் பார்த்தார். மொத்த இலக்கத்தை அல்ல, ஒவ்வொரு கோடாக, பதினாறையும் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தரம்.

"ஆறு நிமிஷமோ?" என்று கேட்டார்.

"ஆறு."

"எழும்பாட்டில்?"

"எழும்பும். எழும்பலன்னா குத்தம்னு எம் பேர எழுதுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்கட பேரை ஏன் எழுதுறது? அனுமதி தந்தவன் நான். செய்யுங்கோ."

அங்கம்மா அசையவில்லை. "முப்பத்தெட்டும் பட்டியல்ல இருக்கும்ல?"

"ஓம். இருக்கும்."

"மணிக்கொரு தடவ?"

"ஓம், அங்கம்மா. மணிக்கொருக்கா. முப்பத்தெட்டும்."

அதற்குப் பிறகுதான் கைகளை வெளியே எடுத்தார். புறங்கை இரண்டிலும் பிரம்பின் பின்னல் சிவப்புச் சிவப்பாகப் பதிந்திருந்தது. ஒரு தரம் உதறிவிட்டு, கீபோர்டில் வைத்தார்.